உயிரணுவின் உலையும் நரம்பு நலிவும்

தோற்றுவாய்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, வழக்கம்போலத் தலைக்காட்டைப் பற்றியோ, காவிரிக் கரையில் சோழர் விட்டுச் சென்ற கல்வெட்டுகளைப் பற்றியோ எழுதலாம் என்றே யாம் முதலில் எண்ணினோம். ஆயின், சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று எம் எண்ணத்தை வேறு திசைக்குத் திருப்பிற்று.

அன்று பகல் விருந்தின்போது, நம் காலனிப் பெரியவர் ஒருவர் பந்தியில் அமர்ந்திருந்தார். அவர் நெடுங்காலம் இரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மோர்க் குவளையை அவர் வாயருகே கொண்டு செல்லுங்கால் கை நடுங்கிற்று. மோர் அடுத்தவர் இலையில் சிந்திற்று. எதிர் வரிசையில் இருந்த சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்தனர். "பகலிலேயே தொடங்கிவிட்டார் போலும்" என்று ஒரு குரலும் எழுந்தது. பெரியவர் காதில் அச்சொல் விழுந்தது. அவர் பாதி உணவில் எழுந்து கை கழுவச் சென்றார். பின்னர்த் திரும்பி வரவில்லை. உண்மையை மறைப்பானேன்? அந்த ஐயம் எம் உள்ளத்திலும் அன்று இருந்தது. யாம் வாய் திறந்து ஒரு சொல் மறுத்துரைக்கவில்லை.

மூன்று திங்கள் கழிந்தபின், மருத்துவப் படிவம் ஒன்றை நிரப்பித் தருமாறு அவருடைய மருமகள் எம் இல்லத்திற்கு வந்தார். படிவத்தில் நோயின் பெயர் எழுதும் கட்டத்தில் நடுக்குவாதம் என்று இருந்தது. அதாவது பார்க்கின்சன் நோய். "மாமா வெளியே வரவே மாட்டேன் என்கிறார் அண்ணா. ஆயுளில் ஒருநாளும் குடித்தறியாதவர். கை ஆடுவதைக் கண்டால் என்னென்ன சொல்வார்களோ என்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்" என்று அந்த அம்மையார் கூறியபோது எமக்குத் தலை நிமிரவில்லை.

அன்றுமுதல் இந்நோயைப் பற்றிக் கிடைத்த நூல்களையும் கட்டுரைகளையும் தேடிப் படிக்கலானோம். யாம் மருத்துவரும் அல்லோம். விஞ்ஞானப் பட்டதாரியும் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் தொழிலினோம். ஆயினும், படித்தவற்றுள் பெரும் வியப்பொன்று எம்மை ஆட்கொண்டது. மூளை நலிவு நோய்களின் மூலத்தைத் தேடும் உலக ஆராய்ச்சியில் சென்னைக்கும் பெங்களூருக்கும், நாம் வாழும் இம்மைசூருக்கும் உரிய பங்கு சிறிதன்று. அவ்வரலாற்றையே ஈண்டு எம்மால் இயன்ற அளவு தொகுத்துரைக்கின்றோம்.

பூனைக்காலியும் நடுக்குவாதமும்

முதியோர்க்கு உண்டாகும் நடுக்கத்தைக் கம்பவாதம் என்ற பெயரால் நம் நாட்டுப் பண்டை மருத்துவர் அறிந்திருந்தனர். மேலை நாட்டில் 1817 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். அவர் விவரித்த நோயாளிகள் அறுவர். அவருள் சிலரைத் தெருவில் நடந்து செல்லக் கண்டே அவர் குறித்து வைத்தார். பிற்காலத்தில் பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் ஷார்க்கோ, அவர் பெயரையே நோய்க்குச் சூட்டினார்.

1937 ஆம் ஆண்டில் சென்னையில் தாமோதரன், இராமசுவாமி என்னும் இரு விஞ்ஞானிகள், நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து எல்-டோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதனை இங்கிலாந்து நாட்டு உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். அப்பொருளுக்கும் நடுக்குவாதத்திற்கும் தொடர்புண்டு என்பதை அன்று உலகில் எவரும் அறியார். இருபது ஆண்டுகள் சென்றன. 1957 ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், டோப்பமின் என்னும் பொருள் மூளையில் செய்தி கடத்தும் பணியைச் செய்கிறது என்று காட்டத் தொடங்கினார். 2000 ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நடுக்குவாதத்தால் இறந்தோர் மூளையில் டோப்பமின் மிகக் குறைந்திருப்பதை வியன்னா நகரத்து ஹார்னிகீவிச் 1960 ஆம் ஆண்டில் கண்டார். மறு ஆண்டே எல்-டோப்பாவை நோயாளிகளுக்கு ஊசி வழியாகக் கொடுத்துப் பார்த்தனர். 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காட்சியாஸ் என்பவர் அதனை வாய்வழியே படிப்படியாக மிகுத்துக் கொடுத்து, அசைவற்றிருந்தோரை நடக்கச் செய்தார்.

இன்றும் இந்நோய்க்குத் தலையாய மருந்து அதுவே. ஆயினும் அஃது இழந்த பொருளை ஈடு செய்கின்றதேயன்றி, அப்பொருளை ஆக்கும் நரம்பணுக்கள் அழிவதைத் தடுப்பதில்லை. நடுமூளையில் கருநிறப் பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள அணுக்களே டோப்பமினை ஆக்குவன. கை நடுங்கத் தொடங்கும் நாளிலேயே அவற்றுள் பெரும் பகுதி மடிந்துபோயிருக்கும் என்பர் ஆராய்ச்சியாளர். அவ்வணுக்கள் ஏன் மடிகின்றன? இவ்வினாவே ஆராய்ச்சியாளரை உயிரணுவின் உள்ளே இருக்கும் ஒரு நுண்பொருளிடம் கொண்டு சேர்த்தது.

இழைமணி

நம் உடலின் அணுக்களுள் நுண்ணோக்கியால் மட்டுமே காணத்தக்க சிறு துகள்கள் பல உள்ளன. 1890 ஆம் ஆண்டில் ஆல்ட்மன் என்னும் ஜெர்மானியர் அவற்றை உயிரின் அடிப்படைத் துகள்கள் என்று கருதினார். 1898 ஆம் ஆண்டில் கார்ல் பெண்டா அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் இழை, மணி என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. நம் தமிழ்ப் பாடநூல்கள் இழைமணி என்று அழகுற மொழிபெயர்த்துள்ளன. யாமும் அச்சொல்லையே ஆள்கின்றோம்.

இழைமணியின் தொழில் யாது என்பது அரை நூற்றாண்டுக் காலம் தெளிவுபடவில்லை. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கென்னடி, லேனிஞ்சர் என்னும் இருவர், உண்ட உணவை மூச்சுக்காற்றின் துணையால் எரித்து ஆற்றலாக்கும் வேலை இழைமணியுள்தான் நடைபெறுகிறது என்று நிறுவினர். எவ்வாறு நடைபெறுகிறது என்பதை 1961 ஆம் ஆண்டில் பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேயர் விளக்கினார். முதலில் பலரும் அதனை ஏற்க மறுத்தனர். 1978 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மிட்செலின் கருத்தை நம் மைசூர் நாட்டார்க்கு விளக்குவது எளிது. சிவசமுத்திரத்தில் 1902 ஆம் ஆண்டில் காவிரி நீரை உயரத்திலிருந்து விழச் செய்து, அதன் வேகத்தால் சக்கரம் சுழற்றி மின்சாரம் எடுத்தனர். அம்மின்சாரம் நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்க வயலுக்குச் சென்றது. இழைமணியிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. அதன் உட்சவ்வு ஓர் அணை போன்றது. உணவு எரியும்போது கிடைக்கும் ஆற்றலால், மின்னூட்டம் பெற்ற ஹைட்ரஜன் துகள்கள் அணையின் ஒருபுறத்துக்கு இறைக்கப்படுகின்றன. அவை மீண்டும் மறுபுறம் பாயும்போது ஒரு நுண்சக்கரம் சுழல்கிறது; உடலுக்கு வேண்டிய ஆற்றல் பிறக்கிறது. இறைக்கும் வரிசையில் முதலாவது நிற்கும் பெருங்கருவிக்கு முதலாம் கூட்டமைப்பு என்று பெயர். அன்பர்கள் இப்பெயரை நினைவில் இருத்துமாறு வேண்டுகின்றோம். இவ்வரலாறு முழுதும் அதனைச் சுற்றியே செல்வது.

நம் உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அதுவே கொள்கிறது. ஆதலின் இழைமணி தளர்ந்தால் முதலில் வாடுவனவற்றுள் மூளையும் நரம்பும் அடங்கும். மேலும், இழைமணி பழுதுறும்போது எரிப்பு முறைப்படி நிகழாமல், அடுப்பிலிருந்து பொறி தெறிப்பதுபோல் கேடு செய்யும் ஆக்சிஜன் துகள்கள் தெறித்து, அணுவின் உறுப்புகளைச் சிதைக்கின்றன.

இழைமணிக்கென்றே தனி மரபுப்பொருள் உண்டு என்பது 1963 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனிதனின் இழைமணி மரபுப்பொருளில் 16,569 எழுத்துகள் உள்ளன என்று 1981 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் முழுமையாகப் படித்தறிந்தனர். அது தாய் வழியாகவே மக்களுக்கு வருகிறது. இழைமணிப் பழுதால் நோய் உண்டாகும் என்பதற்கு முதற் சான்று 1962 ஆம் ஆண்டில் ஸ்வீடனில் ஒரு பெண்மணியிடம் கிடைத்தது. அவர் உண்டதெல்லாம் வெப்பமாகவே வீணாயிற்று. உறைபனி நாட்டிலும் அவர் உடல் வியர்த்துக்கொண்டே இருந்தது.

கலிபோர்னியாவில் ஒரு துயரம்

1982 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இளைஞர் சிலர் திடீரென்று சிலைபோல் உறைந்து போயினர். அவர்கள் போதைப் பொருளை ஊசி வழியே ஏற்றிக்கொண்டவர்கள். முதியவர்க்கு வரவேண்டிய நடுக்குவாதம் இவர்க்கு ஓரிரு நாளில் வந்தது எவ்வாறு என்று லாங்ஸ்டன் என்னும் மருத்துவர் துருவி ஆராய்ந்தார். கள்ளத்தனமாகத் தயாரித்த அப்போதைப் பொருளில் எம்.பி.டி.பி. என்னும் நச்சு கலந்திருந்தது. அந்நச்சு மூளையை அடைந்து வேறோர் உருவம் பெற்று, டோப்பமின் ஆக்கும் அணுக்களுள் புகுந்து, அங்குள்ள இழைமணியின் முதலாம் கூட்டமைப்பை அடைத்துவிடுகிறது என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று.

அதன்பின் ஆராய்ச்சி விரைந்தது. போதைப் பொருளோடு எத்தொடர்பும் இல்லாத சாதாரண நோயாளிகளின் மூளையிலும் முதலாம் கூட்டமைப்பு தளர்ந்திருப்பதை 1989 ஆம் ஆண்டில் இலண்டனிலும் ஜப்பானிலும் கண்டனர். பரம்பரையாக வரும் நடுக்குவாதத்திற்குக் காரணமான பார்க்கின் என்னும் மரபணுவை 1998 ஆம் ஆண்டில் ஜப்பானியரும், பிங்க்-1 என்னும் மரபணுவை 2004 ஆம் ஆண்டில் ஐரோப்பியரும் கண்டறிந்தனர். பழுதுற்ற இழைமணிகளைப் பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்துவதே இவ்விரண்டின் பணி என்பது பின்னர் விளங்கிற்று. பழைய எஞ்சின்களை உரிய காலத்தில் ஒதுக்காவிட்டால் பாதை முழுதும் அடைபடும் என்பதை இரயில்வேயில் பணி செய்வோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கிரீனமயர் குழுவினர், ரோட்டினோன் என்னும் பொருளை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தி நடுக்குவாதம் போன்ற நிலையை உண்டாக்கினர். ரோட்டினோன் சில கொடிகளின் வேரிலிருந்து கிடைப்பது. பூச்சிகளைக் கொல்லவும் மீன்களை மயக்கிப் பிடிக்கவும் பயன்பட்டது. அதுவும் முதலாம் கூட்டமைப்பையே அடைப்பது.

கேசரிப் பருப்பின் கதை

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் மேலை நாட்டுச் செய்திகள். இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த சாகர் வட்டாரத்தில் 1829 ஆம் ஆண்டில் ஆலங்கட்டி மழையால் கோதுமை அழிந்தது. மறு ஆண்டு மழை பொய்த்தது. அதற்கடுத்த ஆண்டு பயிரில் நோய் கண்டது. இவ்வளவு இடுக்கண்ணுக்கும் அசையாமல் செழித்தது கேசரிப் பயறு ஒன்றே. மக்கள் அதனையே உண்டு உயிர் வாழ்ந்தனர். 1833 ஆம் ஆண்டில் இளைஞர் பலருக்கு இடுப்பின் கீழ் கால்கள் விறைத்துச் செயலற்றன. இரவில் நலமாக உறங்கச் சென்றவர் காலையில் எழ இயலாதவராயினர். அப்பகுதியில் அதிகாரியாயிருந்த ஸ்லீமன் என்னும் ஆங்கிலேயர் இதனை நேரில் கேட்டறிந்து தம் நூலில் எழுதி வைத்தார். அந்நூல் 1844 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இக்கொடுமை அத்துடன் ஒழியவில்லை. கூலி வேலை செய்வோர்க்குப் பணத்திற்கு மாறாகக் கேசரிப் பருப்பையே கூலியாக அளக்கும் வழக்கம் ரீவா போன்ற பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது. பல திங்கள் அதனையே பெரும்பகுதி உணவாகக் கொண்ட ஏழை உழவர் ஊன்றுகோலின்றி நடக்க இயலாதவராயினர். 1961 ஆம் ஆண்டில் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் அதனைக் கலப்படம் செய்யும் தீச்செயலை நம் இல்லத்தரசியரும் கேள்வியுற்றிருப்பர்.

அப்பருப்பில் உறையும் நச்சு எது? 1964 ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எஸ்.எல்.என். ராவ், அடிகா, பி.எஸ். சர்மா என்னும் மூவர் அதனைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பையும் வெளியிட்டனர். அதே ஆண்டில் தில்லியிலும் ஒரு குழுவினர் இதே முடிவை எய்தினர். அக்குழுவின் தலைவர் குளித்தலையில் பிறந்த பெரும் வேதியியல் அறிஞர் டி.ஆர். சேஷாத்திரி ஆவார். நச்சு இன்னதென்று தெரிந்தபின், பருப்பை வெந்நீரில் ஊறவைத்து அந்நீரை வடித்துவிட்டால் நச்சின் பெரும் பகுதி நீங்கும் என்பதும் விளங்கிற்று. நச்சுக் குறைந்த ரத்தன், மகாதியோரா போன்ற ரகங்களும் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டன.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. அந்நச்சு நரம்பணுவின் உள்ளே சென்று செய்வது யாது? இவ்வினாவுக்கு விடை தேடியவர் மைசூரோடு தொடர்புடைய ஒரு பெண்மணி.

மைசூரில் பயின்ற விஞ்ஞானி

விஜயலட்சுமி ரவீந்திரநாத் அவர்கள் 1981 ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். நம் இரயில்வே அருங்காட்சியகத்துக்கு எதிரே, செலுவாம்பா மாளிகையில் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தை அறியாத மைசூரார் இலர். 1950 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தில்தான் அவர் சந்திரசேகரா என்பாருடன் சேர்ந்து, மஞ்சளின் சாரமாகிய குர்க்குமின் எலியின் உடலில் எவ்வளவு ஏற்கப்படுகிறது என்று ஆராய்ந்தார். நாம் நாள்தோறும் குழம்பில் இடும் மஞ்சளில் தொடங்கிய ஆராய்ச்சி வாழ்க்கை பின்னர் மூளையை நோக்கித் திரும்பிற்று. அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையத்தில் பணியேற்றார்.

அவரும் அவர்தம் குழுவினரும் கேசரி நச்சைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். 1998 ஆம் ஆண்டில் வெளியான அவர்கள் கட்டுரை இரண்டு உண்மைகளைப் புலப்படுத்திற்று. முதலாவது, அந்நச்சாலும் இழைமணியின் முதலாம் கூட்டமைப்பே செயலிழக்கிறது. அதிலும் முதுகுத் தண்டின் அடிப்பகுதியிலும், கால்களை இயக்கும் மூளைப் பகுதியிலுமே இவ்விழப்பு நிகழ்கிறது. நோயாளியின் கால்கள் மட்டும் விறைப்பதன் காரணம் இதனால் விளங்குகிறது. இரண்டாவது, அணு சிதையுமுன்னரே இவ்விழப்பு நேர்ந்துவிடுகிறது. முதலாம் கூட்டமைப்பில் கந்தகம் தாங்கிய பகுதிகள் துருவேறுவதுபோல் மாறுகின்றன. தக்க பொருளைக் கொடுத்தால் அத்துரு நீங்கி, கருவி மீண்டும் இயங்குகிறது. இயந்திரம் உடையவில்லை, துருப்பிடித்து நிற்கிறது. துடைத்தால் ஓடக்கூடிய சிறு காலம் ஒன்று உண்டு என்பதே இதன் பொருள்.

மற்றொரு புதிரும் இதனோடு அவிழ்ந்தது. கேசரி உண்ட ஊர்களில் ஆண்களுக்கு நோய் மிகுதியாகவும் பெண்களுக்குக் குறைவாகவும் கண்டது நெடுநாள் விளங்காதிருந்தது. அத்துருவை நீக்கும் குளூட்டாரெடாக்சின் என்னும் புரதம் பெண் சுண்டெலிகளின் மூளையில் இயல்பாகவே மிகுந்திருப்பதையும், பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜன் அதற்குத் துணைசெய்வதையும் இக்குழுவினர் 2004 ஆம் ஆண்டளவில் காட்டினர். நடுக்குவாதமும் ஆண்களிடையே மிகுந்து காணப்படுவது ஈண்டுக் கருதத்தக்கது. பஞ்சத்தில் வாடிய உழவனின் காலும், கலிபோர்னிய இளைஞனின் உறைந்த உடலும், நம் காலனிப் பெரியவரின் நடுங்கும் கையும் வெவ்வேறு நோய்களைச் சுட்டுவன. ஆயினும் இழைமணியின் முதலாம் கூட்டமைப்பு மூன்றிலும் பழுதுறுவதை ஆராய்ச்சி காட்டுகிறது.

விஜயலட்சுமி அவர்களுக்கு 1996 ஆம் ஆண்டில் பட்நாகர் பரிசும், 2010 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. அரியானா மாநிலத்தில் மானேசரில் அமைந்த தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநரும் அவரே.

பழ ஈயும் நீர்ப்பிரமியும்

மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்திரி வளாகத்தில் பழ ஈக்களை வகை வகையாக வளர்த்துக் காக்கும் பண்ணை ஒன்றுள்ளது. அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றும் சிற்றீயை வளர்க்க ஒரு பல்கலைக்கழகமா என்று நகைப்போர் உண்டு. ஆயின் அவ்வீயின் நரம்பணுவிலும் இழைமணி உண்டு, டோப்பமின் உண்டு. இயல்பான ஈயைக் கண்ணாடிக் குழாயில் இட்டுத் தட்டினால் அது விரைந்து மேலேறும். ரோட்டினோன் உண்ட ஈயோ ஏற இயலாமல் தடுமாறும்.

உணவு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரவிகுமார் ஹோசமனி, முரளீதரா ஆகிய இருவரும் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ரோட்டினோன் ஊட்டிய ஈக்களுக்கு நீர்ப்பிரமி கலந்த உணவையும் கொடுத்துப் பார்த்தனர். அவ்வாறு உண்ட ஈக்களில் இறப்புக் குறைந்தது. ஏறும் திறன் மேம்பட்டது. டோப்பமின் குறைவும் தணிந்தது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை கூறுவது எம் கடமை. ஈயில் கண்ட பயன் மனிதரிடமும் காணப்படும் என்று கொள்ளுதல் கூடாது. மேலும், இந்நகரத்துச் சந்தையில் பிரமி என்று கேட்டால் பலரும் எடுத்துத் தருவது ஒந்தெலகா. அதாவது நம் வல்லாரை. நீர்ப்பிரமி வேறு செடி. பெயர் மயக்கத்தால் ஒன்றை மற்றொன்றாகக் கருதுவோர் பலர். பூனைக்காலி விதையில் எல்-டோப்பா உண்டு என்று படித்துவிட்டு, மருத்துவர் தரும் மாத்திரையோடு அதனையும் தாமாகவே இடித்து உண்பது இரட்டை அளவு மருந்து உண்பதற்கு ஒப்பாகும்.

ஏமாற்றமும் எஞ்சிய நம்பிக்கையும்

இழைமணியே குற்றவாளி என்றால், அதற்கு வலுவூட்டும் பொருளைக் கொடுத்து நோயைத் தடுக்கலாமன்றோ என்று அன்பர்கள் கேட்கலாம். ஆராய்ச்சியாளரும் அவ்வாறே கருதினர். வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தனர். 1993 ஆம் ஆண்டில் பயனில்லை என்று முடிவாயிற்று. இழைமணிக்கு இயல்பாகவே துணைநிற்கும் கோஎன்சைம் க்யூ-10 என்னும் பொருளை 600 நோயாளிகளைக் கொண்டு சோதித்தனர். 2014 ஆம் ஆண்டில் அதுவும் பயன்படவில்லை என்று வெளியிட்டனர். கிரியேட்டின் என்னும் பொருளை 1,741 பேரைக் கொண்டு பல ஆண்டுகள் சோதித்தனர். 2015 ஆம் ஆண்டில் அதற்கும் அதே முடிவு கிடைத்தது. இப்பொருள்களை நடுக்குவாதத்திற்கு அருமருந்தென்று விளம்பரம் செய்து விலை கூறுவோரை நாம் எச்சரிக்கையோடு நோக்க வேண்டும்.

தோல்விக்குக் காரணம் யாது? நோய் வெளிப்படும் நாளில் அணுக்கள் பல மடிந்துவிடுவதால் மருந்து காலம் தாழ்ந்து செல்கிறது என்பது ஒரு கருத்து. இழைமணிப் பழுது நோயின் காரணங்களுள் ஒன்றேயன்றி முழுக் காரணம் அன்று என்பது மற்றொரு கருத்து. இரண்டிலும் உண்மை இருத்தல் கூடும். ஆதலின், நடுக்கம் தோன்றுமுன்னரே நோயை அறியும் வழியை இன்று உலகெங்கும் தேடுகின்றனர். 1995 ஆம் ஆண்டில் நிம்ஹான்ஸில் தொடங்கிய மூளை வங்கி, இறந்தோர் உறவினர் மனமுவந்து ஈந்த மூளைகளை இத்தகைய ஆராய்ச்சிக்காகக் காத்து வருகிறது. கண் தானம் அறிந்த நம் குடும்பங்கள் இத்தானத்தையும் அறிந்திருத்தல் நலம்.

அதுவரை செய்யக்கூடியன யாவை? கை நடுக்கம், நடை தளர்தல், எழுத்து சிறுத்துப்போதல், முகத்தில் அசைவு குறைதல் ஆகியவற்றை முதுமையென்று தள்ளிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கை நடுங்குவோர் அனைவர்க்கும் இந்நோயே என்பதும் இல்லை. அதனைப் பிரித்தறிய வல்லவர் மருத்துவரே. மாத்திரையைக் குறித்த வேளையில் உண்ணுதல் வேண்டும். தாமாகவே திடீரென்று நிறுத்துதல் தீங்காகும். நடையும் தக்க உடற்பயிற்சியும் நற்பயன் தருகின்றன. தோட்டத்திற்குப் பூச்சிமருந்து தெளிப்போர் கையுறையும் முகமூடியும் இன்றித் தெளித்தல் கூடாது.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் யாம் அப்பெரியவரின் இல்லத்திற்குச் சென்றோம். சென்ற ஆண்டு பந்தியில் வாளாவிருந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினோம். அவர் முகம் அசையவில்லை. அது சினத்தால் அன்று, நோயினால் என்பதை இப்போது அறிந்திருந்தோம். சற்றுப் பொறுத்து, "மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் கை நிற்கும், தம்பி. அதற்குள் இலை போட்டுவிடுவீர்களா? உங்கள் சங்கத்துச் சாப்பாடு எப்போதும் லேட் ஆயிற்றே" என்றார். முப்பதாண்டு வண்டியை நேரம் தவறாமல் ஓட்டியவர் கேட்கும் கேள்வி அது.

விழாக் குழுவினர்க்கு எம் பணிவான விண்ணப்பம் இது. இவ்வாண்டு முதற்பந்தி நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டபடி பகல் பன்னிரண்டரை மணிக்கே தொடங்குதல் வேண்டும். முதியோர் வரிசையில், கைப்பிடியுள்ள குவளைகளில் பாதியளவே மோர் ஊற்றி வைத்தல் வேண்டும். பெரியவர் வருவதாக ஒப்பியிருக்கின்றார். அவர் அருகில் அமரும் இடத்தை எமக்கென்று ஒதுக்கித் தருமாறும் வேண்டுகின்றோம்; மோர் சிந்தினால் எம் இலையில் சிந்தட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!